எந்தச் சிம், எந்தப் போன்: கொழும்பில் இருப்பவருக்கு ஒரு ஒப்பீடு

வெள்ளவத்தையில் ஒருவர் புதுப் போன் வாங்கப் போவதாக வாய் திறந்தால் போதும், சுற்றியிருக்கிற எல்லோரும் ஆலோசகர் ஆகிவிடுவார்கள். மச்சான் ஐபோனைத் தவிர வேறெதையும் போன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஒன்றுவிட்ட தம்பி ரெட்மியின் 108 மெகாபிக்சல் கமராவைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைப்பான். கீழ்வீட்டு அங்கிள், "எதையும் வாங்கு, சிம் மட்டும் டயலொக் போடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். கவனித்துப் பார்த்தால் எல்லோரும் தாங்கள் ஏற்கெனவே வாங்கியதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். காசைக் கொடுத்தாயிற்று, இனி அதை நியாயப்படுத்த வேண்டுமே.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். சிம்மைப் பொறுத்தவரை கம்பனியின் பெயரைவிட, நீங்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் அறைதான் முக்கியம். போனைப் பொறுத்தவரை, அதை எந்தக் கடையில் எந்த வாரண்டியோடு வாங்குகிறீர்கள், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்ற இரண்டும் பிராண்டைவிட முக்கியம். கமரா, கேம், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. சிம்மையே முதலில் எடுக்கிறேன். போனைப் பிழையாக வாங்கினால் கொஞ்சம் நட்டத்தோடு விற்றுவிடலாம். நம்பரை அப்படி நினைத்தவுடன் மாற்றிவிட முடியாது.

ஐந்து கம்பனி மூன்றானது

ஒரு காலத்தில் இங்கே ஐந்து கம்பனிகள் அடித்துப் பிடித்து விற்றன. 1989இல் செல்டெல் என்று தொடங்கி, பிறகு டிகோ ஆகி, எடிசலாட் ஆகிய கம்பனியை 2018இல் ஹட்ச் வாங்கிக்கொண்டது. 2009இல் வந்து விலையை உடைத்த எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்கின் கைக்குப் போனது. மிஞ்சியவை டயலொக், எஸ்.எல்.ரி. மொபிடெல், ஹட்ச். நம்பரைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்: 077, 076, 074 டயலொக், 071, 070 மொபிடெல், 078உம் எடிசலாட்டிடமிருந்து வந்த 072உம் ஹட்ச், 075 பழைய எயார்டெல்.

ஐந்து மூன்றானதால் சாதாரண மனிதருக்கு லாபம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் தெரிவு செய்வது சுலபமாகிவிட்டது, அது உண்மை.

டயலொக்கிடம்தான் வாடிக்கையாளர்கள் அதிகம், அதன் கவரேஜும் பரந்தது. வேலை விஷயமாக மாதத்தில் நாலு மாவட்டம் சுற்றுகிறவர் அதிகம் யோசிக்காமல் அதையே எடுப்பதில் பிழை இல்லை. மொபிடெல், எஸ்.எல்.ரி. என்ற ஸ்ரீ லங்கா டெலிகொமின் பிள்ளை. எஸ்.எல்.ரி.யில் அரசுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு இருப்பதால் சிலருக்கு அது "அரசாங்கக் கம்பனி" என்ற நம்பிக்கை, சிலருக்கு அதே காரணத்தால் அவநம்பிக்கை. கவரேஜில் டயலொக்குக்கு நேர் போட்டி இதுதான். வீட்டில் எஸ்.எல்.ரி. பைபர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற வசதியும் உண்டு. ஹட்ச் டேட்டாவை மலிவாகக் கொடுத்து ஆள் பிடிக்கும் கம்பனி. மாணவர்கள், இரண்டாவது சிம் தேடுகிறவர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். கொழும்புக்குள்ளேயே வாழ்க்கை முடிந்துவிடுகிறவருக்கு அது போதும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர், போகும் ஊரில் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. கம்பனி எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டில் அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதில் பதில் இல்லை.

அறையை வைத்துப் பாருங்கள்

காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடையில் இருக்கும் ஒழுங்கைகளைப் பாருங்கள். பத்து மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் பழைய இரண்டு மாடி வீடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்து மாடி. இப்படியான இடத்தில் சிக்னல் வீட்டுக்கு வீடு மாறும், வீட்டுக்குள்ளேயே அறைக்கு அறை மாறும். ஹோலில் வீடியோ சறுக்கிக்கொண்டு ஓடும். பின்பக்க அறையில் ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டே நிற்கும். காரணம் கொங்கிறீற்றும் அலைவரிசையும். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி நன்றாக உள்ளே வரும். இங்கே 4ஜிக்கு அதிகம் பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸ் அந்த அளவுக்கு வராது. எந்தக் கம்பனியின் கோபுரம் உங்கள் அறைக்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே மிச்சத்தைத் தீர்மானிக்கும்.

மேல் மாடிக்காரருக்கு வேறொரு தலையிடி. கோபுரங்களின் அன்ரனாக்கள் தெருவில் இருப்பவர்களுக்காகச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தே பொருத்தப்பட்டிருக்கும். பத்தாம் மாடியில் கிட்டத்துக் கோபுரம் சரியாகப் பிடிபடாமல், தூரத்துக் கோபுரங்கள் நாலைந்தின் சிக்னல் ஒரே நேரத்தில் வந்து விழும். போன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். திரையில் கோடு எல்லாம் நிறைய இருக்கும், கதைத்தால் குரல் துண்டு துண்டாக வரும். "புல் சிக்னல் இருக்கு, ஆனா கோல் எடுக்க ஏலாது" என்று மாடிவீட்டுக்காரர் புலம்புவது இதனால்தான்.

ஆகவே பரிசோதனை இப்படி இருக்கட்டும். ப்ரீபெய்ட் சிம் ஒன்று பெரிய விலை இல்லை, அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வரும் சொந்தக்காரரின் போனையே வாங்கிப் பாருங்கள். படுக்கும் அறை, வேலை செய்யும் மேசை, சமையலறை என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், ஒழுங்கையில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் யூடியூப் பார்க்கும்போது எது தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் உங்கள் கம்பனி. அலுவலகத்திலும் இதையே செய்யுங்கள். கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் கண்ணாடி போர்த்திய கட்டடங்களுக்குள் சில கம்பனிகள் தனியாக உள்ளரங்க அன்ரனா வைத்திருக்கும், சில வைத்திருக்காது. அதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

இன்னொரு விஷயம் வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வசதி. 4ஜியில் இருக்கும்போது சாதாரண அழைப்பு வந்தால், வோல்ட்டி இல்லாத போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கித்தான் அந்த அழைப்பை எடுக்கும். அழைப்பு இணைய நேரமாகும், கதைத்துக்கொண்டிருக்கும்போது டேட்டாவும் மந்தமாகும். வோல்ட்டி இருந்தால் 4ஜியிலேயே தெளிவான குரலில் கதைக்கலாம். ஆனால் இது போனில் இருந்தால் மட்டும் போதாது, அந்த மொடலைக் கம்பனி தன் பட்டியலில் சேர்த்திருக்கவும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த போன்கள் பலவற்றில் இது வேலை செய்யாமல் போவது இதனால்தான். சிம்மையும் போனையும் தனித்தனியாகத் தீர்மானித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. கம்பனியின் ஹொட்லைனுக்கு எடுத்து, வாங்கப்போகும் மொடலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வைபை ஊடாக அழைப்பு எடுக்கும் வசதி உண்டா என்றும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். சிக்னல் வராத பின்னறைக்கு அதுதான் மருந்து.

பாக்கேஜில் கவனிக்க வேண்டியது

விலைப் பட்டியலை இங்கே போட்டால் இதை நீங்கள் வாசிப்பதற்குள் மாறியிருக்கும், அதனால் போடவில்லை. வாசிக்கும் முறையை மட்டும் சொல்கிறேன். பெரிய எழுத்தில் ஒரு ஜிபி எண் இருக்கும். அதில் எந்த நேரமும் பாவிக்கக்கூடியது எவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடியது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 40 ஜிபி என்று போட்டு, அதில் 22 இரவுக் கணக்கு என்றால், இரவில் படுத்துத் தூங்குகிறவருக்கு அது 18 ஜிபி பாக்கேஜ்தான். விலையை 18ஆல் வகுத்துத்தான் அடுத்த கம்பனியோடு ஒப்பிட வேண்டும். விடிய விடிய கேம் அப்டேட் இறக்குகிற பெடியன் வீட்டில் இருந்தால் கணக்கு மாறும், சரி.

சமூக ஊடகப் பாக்கேஜ்கள் இன்னொரு ரகம். வட்ஸ்அப்புக்கு இவ்வளவு, பேஸ்புக்குக்கு இவ்வளவு, யூடியூபுக்கு இவ்வளவு என்று துண்டு போட்டு விற்பார்கள். மலிவுதான். ஆனால் பேஸ்புக்கில் யாரோ பகிர்ந்த செய்தி இணைப்பைத் தொட்டீர்களென்றால் அது பேஸ்புக்குக்கு வெளியே போகிறது, அந்தக் கணக்கு வேறு பையிலிருந்து கழியும். வட்ஸ்அப் அழைப்பு இதற்குள் அடங்குமா என்பதையும் சின்ன எழுத்தில் தேடுங்கள். இலண்டனிலும் டொரொன்டோவிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வட்ஸ்அப் வீடியோ அழைப்புத்தான் முக்கால்வாசிச் செலவு.

"அன்லிமிடெட்" என்றால் ஓர் அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த அளவு எவ்வளவு, குறைத்த வேகம் எவ்வளவு என்ற இரண்டு எண்ணைத் தவிர அதில் வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை. விலையைக் கேட்கும்போது வரியோடு சேர்த்தா, வரி தனியா என்றும் கேளுங்கள்.

ப்ரீபெய்ட்காரருக்கு ஒரு புகாரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ரீலோட் போட்ட காசு நாளுக்கு ஒன்றிரண்டு ரூபாவாகத் தேய்ந்து போனதை நான் கன நாள் கவனிக்கவில்லை. எங்கேயோ கை பட்டு ஒரு ஜோதிடச் சேவைக்கு நான் பதிவாகியிருந்ததாக ஹொட்லைனில் சொன்னார்கள். என் ராசியை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. நிறுத்தித் தந்தார்கள், கழித்த காசு வரவில்லை. எந்தக் கம்பனி சிம் எடுத்தாலும் என்னென்ன மேலதிகச் சேவைகள் ஓடுகின்றன என்று அவர்களின் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நம்பர் மாறினால் என்ன ஆகும்

கம்பனி மாறும் யோசனையைப் பலர் கைவிடுவதற்குக் காரணம் நம்பர். வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வருகிறது, பிள்ளையின் பாடசாலை வட்ஸ்அப் குழு அதில்தான் இருக்கிறது, காஸ் கொண்டுவருகிறவரிடம் இருப்பதும் அதே நம்பர். இதற்குக் கொழும்பில் நிறையப் பேர் நடைமுறையில் கண்டுபிடித்திருக்கும் வழி இரட்டைச் சிம். பழைய நம்பரை முதலாம் இடத்தில் வைத்து அழைப்புக்கும் ஓ.டி.பி.க்கும் விடுங்கள். உங்கள் அறையில் நன்றாக எடுக்கும் கம்பனியின் சிம்மை இரண்டாம் இடத்தில் போட்டு டேட்டாவை அதிலிருந்து எடுங்கள். வட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும், டேட்டா எந்தச் சிம்மிலிருந்து வருகிறது என்று அது பார்ப்பதில்லை. பழைய சிம்முக்கு இடைக்கிடை சின்ன ரீலோட் போட மறக்கக்கூடாது. கன காலம் சும்மா கிடக்கும் ப்ரீபெய்ட் இணைப்பைக் கம்பனி துண்டித்துவிடும்.

வயதானவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. யாழ்ப்பாணத்திலோ ஹற்றனிலோ இருக்கும் அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, வட்ஸ்அப் இல்லை என்றால், அவருடைய கம்பனியையே நீங்களும் எடுப்பதில் அர்த்தம் உண்டு. ஒரே கம்பனிக்குள் கதைக்கும் நிமிடங்களைத் தாராளமாகக் கொடுக்கும் பாக்கேஜ்கள் இன்னும் இருக்கின்றன.

இனிப் போன்

2022க்கு முன்னால் போன் வாங்கிய ஞாபகத்தோடு இப்போது கடைக்குப் போகிறவருக்கு நெஞ்சு பதறும். அந்த வருடம் மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. பிறகு 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானபோது போன்களும் அதற்குள் வந்தன. இரண்டு வருடத்துக்கு ஒரு போன் என்ற பழக்கம் அதோடு பலருக்குப் போய்விட்டது. இப்போது வாங்கும் போன் ஐந்து வருடமாவது தாங்க வேண்டும். அதனால்தான் அப்டேட்டையும் வாரண்டியையும் முன்னுக்குப் போடுகிறேன்.

கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிட்டியிலோ ஒரு கடையில் நின்று விலை கேளுங்கள். மறுமொழியாக ஒரு கேள்வி வரும்.

"கம்பனி வாரண்டியா அண்ணை, ஷொப் வாரண்டியா?"

"என்ன வித்தியாசம் தம்பி?"

"போன் ஒண்டுதான். விலைதான் வித்தியாசம்."

போன் ஒன்றுதான் என்பது அரைவாசி உண்மை. கம்பனி வாரண்டி என்றால் இலங்கையின் அதிகாரபூர்வ முகவர் ஊடாக வந்த போன், பழுதானால் முகவரின் நிலையத்தில் திருத்துவார்கள். ஷொப் வாரண்டி என்றால் டுபாய், சிங்கப்பூர், ஹொங்கொங் என்று எங்கிருந்தோ கடைக்காரர் தானாகக் கொண்டுவந்தது. பழுதானால் அவர்தான் பொறுப்பு, அவர் கடையை மூடினால் பொறுப்பு காற்றோடு போய்விடும். விலை வித்தியாசத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் வருடத்தில் போனின் மதர்போர்ட் அடித்துப்போனால் அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். பெயர் தெரிந்த, பல வருடமாக ஒரே இடத்தில் இருக்கும் கடை என்றால் ஷொப் வாரண்டியும் மோசமில்லை. அங்கே நீங்கள் நம்புவது கடையின் வயதை.

எந்த வாரண்டியாக இருந்தாலும் ஒரு சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. நம்பர், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள நம்பர், திரையில் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். முன்பு இது பலர் கவனிக்காத சம்பிரதாயம். 2025 ஜனவரி 28க்குப் பிறகு நிலைமை வேறு: அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்த போன்களை விட்டுவிட்டார்கள், புதிதாக வரும் பதிவில்லாத போன்களை வலையமைப்பில் சேர்ப்பதில்லை என்று ஆணைக்குழு அறிவித்தது. "ஒண்டும் பிரச்சினை வராது" என்று கடைக்காரர் சொன்னால், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சம்சுங், ரெட்மி, பாவித்த ஐபோன்

கையில் ஒரு இலட்சம் ரூபாவுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கொழும்பில் பெரும்பாலும் வாதம் சம்சுங்கின் ஏ வரிசைக்கும் ரெட்மி நோட் வரிசைக்கும் இடையில்தான். கெலக்ஸி ஏ16ஐயும் ரெட்மி நோட் 14ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டின் 4ஜி வகைகளிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சிப்தான், மீடியாடெக்கின் ஹீலியோ ஜி99 குடும்பம். ஆகவே "இது ஸ்பீட், அது ஸ்லோ" என்ற சண்டைக்குப் பெரிய ஆதாரம் இல்லை. காகிதத்தில் ரெட்மி முந்துகிறது: 5500 எம்.ஏ.எச். பற்றரி, 33 வாட்ஸ் சார்ஜிங், 120 ஹேர்ட்ஸ் திரை, 108 மெகாபிக்சல் கமரா. சம்சுங்குக்கு 5000 எம்.ஏ.எச்., 25 வாட்ஸ், 90 ஹேர்ட்ஸ். சார்ஜரைக் கூடத் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம்.

இருந்தாலும் ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு நான் சம்சுங்கைத்தான் சொல்வேன். 2024 கடைசியில் வந்த ஏ16க்கு ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் ஆறு புதிய அன்ட்ரொயிட் பதிப்பும் தருவதாக சம்சுங் சொல்லியிருக்கிறது. இந்த விலையில் அது பெரிய விஷயம், ரெட்மியில் அந்தக் காலம் இதைவிடக் குறைவு. வங்கிச் செயலிகள் பழைய அன்ட்ரொயிட்டை ஒவ்வொன்றாகக் கைவிடும்போதுதான் இதன் அருமை தெரியும். கணக்கும் போட்டுப் பாருங்கள்: 75,000 ரூபாப் போன் ஐந்து வருடம் போனால் வருடத்துக்கு 15,000, 60,000 ரூபாப் போனை மூன்று வருடத்தில் மாற்றினால் வருடத்துக்கு 20,000. ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 4 ஜிபி ராம் உள்ள வகையை விட்டுவிடுங்கள், மூன்றாம் வருடத்தில் அழவைக்கும்.

பிக்மீ, ஊபர் ஓடுகிறவருக்கு என் தீர்ப்பு மாறும். நாள் முழுக்க வரைபடம் திறந்தபடி, வெயிலில், ஹாண்டிலில் கட்டியபடி இருக்கும் போன் எப்படியும் சீக்கிரம் தேயும். அவருக்கு ரெட்மியின் பெரிய பற்றரியும் வேகமான சார்ஜும் காசு. அப்டேட் ஆறு வருடம் வரும் என்பதால் அவருக்கு என்ன லாபம், போன் அதுவரை இருந்தால்தானே.

ரெட்மி வாங்குகிறவர் ஒரு விஷயத்தில் கண்ணாக இருக்க வேண்டும். சீனச் சந்தைக்காகச் செய்த போனை மலிவாக இறக்கி, உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றி விற்கும் வழக்கம் உண்டு. பெட்டியில் சீன எழுத்து இருந்தால் உசாராகுங்கள். இப்படி மென்பொருள் மாற்றிய போனில் அப்டேட் ஒழுங்காக வராது. பூட்லோடர் என்ற மென்பொருள் பூட்டு திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மாட்டா.

ஐபோனுக்கு வருவோம். புது ஐபோன் விலையைப் பற்றிக் கதைக்க இது இடமில்லை. பெரும்பாலானோர் பார்ப்பது பாவித்த ஐபோன். ஆப்பிள் நீண்ட காலம் அப்டேட் கொடுக்கும் என்பது உண்மை. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்.ஆர்., ஐபோனின் மென்பொருளான ஐ.ஓ.எஸ்.இன் 18ஆம் பதிப்பு வரை வந்துதான் நின்றது. 18க்கு அடுத்ததாக 2025இல் வந்த ஐ.ஓ.எஸ். 26 கிடைக்கும் மிகப் பழைய வரிசை ஐபோன் 11. ஆகவே "இலெவன் மலிவாக இருக்கு" என்று கேட்டால், அது வரிசையின் வாலில் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 2021இன் ஐபோன் 13, அதே போக்கு நீடித்தால், இன்னும் சில வருடம் தாங்கும். பாவித்ததில் நான் கை வைக்கும் கீழெல்லை அதுதான்.

பாவித்த ஐபோனைக் கையில் எடுத்தால் அமைப்புகளில் 'பொது', பிறகு 'இதைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறவுங்கள். அந்த ஒரு பக்கத்தில் பாதிக் கதை இருக்கிறது. சிம் கட்டுப்பாடு இல்லை என்று அங்கே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குப் பூட்டிய போன், சிம்மோடு ஒரு மெல்லிய சில்லைச் சேர்த்துச் செருகி ஏமாற்றி ஓட்டுகிறார்கள், அடுத்த அப்டேட்டில் அது படுத்துவிடலாம். மொடல் நம்பரின் முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்கப்பட்டது, எப் என்றால் ஆப்பிள் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. மாற்றிய பற்றரியோ திரையோ அசல் இல்லாவிட்டால், தெரியாத பாகம் என்று அதே பக்கத்தில் வரும். பற்றரியின் ஆரோக்கிய சதவீதம் தனி இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கிறவர் உங்கள் கண் முன்னால் தன் ஐகிளவுட்டிலிருந்து வெளியேற வேண்டும். "வீட்ட போய்ச் செய்யலாம்" என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கூகுள் பிக்சலை விரும்பும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது, கமராவுக்காக. கூகுள் இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை. பாகம் கிடைப்பதும் வோல்ட்டியும் உங்கள் அதிர்ஷ்டம்.

டிஸ்ப்ளே விலையும் 5ஜியும்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வீட்டுக்குக் கிட்ட இருக்கும் திருத்தும் கடையிலோ, வாங்க நினைக்கும் மொடலின் டிஸ்ப்ளே என்ன விலை என்று முதலே கேளுங்கள். ஒரிஜினல் எவ்வளவு, கொப்பி எவ்வளவு, இன்றைக்கே கிடைக்குமா என்ற மூன்றையும். சம்சுங் ஏ வரிசைக்கும் ஐபோனுக்கும் உடனே ஒரு லாச்சியைத் திறந்து எடுத்துக் காட்டுவார்கள். கேள்விப்படாத மொடல் என்றால் "ஓடர் பண்ணித்தான் எடுக்கணும்" என்ற பதில் வரும். அந்தப் பதிலே போதும். போன் விழுவது நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது. காலிமுகத்திடலில் அலையோடு படம் எடுக்கும் பழக்கம் இருந்தால், போன் தண்ணீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி. எண்ணையும் பாருங்கள். ஏ16இன் ஐ.பி.54 தூறலுக்குத்தான், கடலுக்கு இல்லை. ஐபோன் 13க்கு ஐ.பி.68 என்பது புதிதாக இருந்தபோது. திறந்து திருத்தியதற்கு அந்தக் கணக்கு இல்லை.

5ஜிக்காக மட்டும் கூடக் காசு கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். உங்கள் அறையில் 5ஜி எடுக்கிறதா என்று மேலே சொன்ன அதே பரிசோதனையைச் செய்யுங்கள். எடுக்காவிட்டால் அந்தக் காசை ராமில் போடுங்கள். ஐந்து வருடத் திட்டத்தோடு வாங்குகிறவர், விலை வித்தியாசம் சின்னதென்றால், 5ஜி வகையையே எடுக்கலாம்.

தவணையைப் பற்றி ஒரு வரி. கொக்கோ, மின்ட்பே போன்றவற்றில் மூன்று தவணை, வங்கிக் கடனட்டையில் 12 மாதம், 24 மாதம் என்று கிடைக்கும். வட்டி இல்லை என்பார்கள். அதே போனுக்குக் கையில் காசு கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்டு, பிறகு தவணை விலையைக் கேளுங்கள். வரிசை மாறக்கூடாது.

கடைசியாக, அண்ணாவோ மாமாவோ கட்டாரிலிருந்தும் டுபாயிலிருந்தும் கொண்டுவரும் போன். கொழும்பு வீடுகளில் இது தனி ஒரு சந்தை. பதிவு விஷயத்தை ஆணைக்குழுவிடம் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். ஐபோன் 17 வரிசையைக் கொண்டுவருவதென்றால் இன்னொரு சங்கதி: வளைகுடா நாடுகளில் அமீரகம், கட்டார், சவூதி, குவைத், ஓமான், பஹ்ரைன் ஆகியவற்றில் விற்பதற்கு சிம் போடும் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். ஐபோன் எயார் எங்கே வாங்கினாலும் அப்படித்தான். அமெரிக்காவில் இது 2022இன் ஐபோன் 14இலேயே தொடங்கிவிட்டது. டயலொக்கும் மொபிடெலும் இசிம் கொடுக்கின்றன, ஆகவே போன் வீணாகாது. ஆனால் பழைய சிம்மைக் கழற்றி இதில் போட்டுப் பார்க்கும் சுதந்திரம் போய்விடும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பனியிடம் போக வேண்டும். அண்ணாவிடம் இதை விமானச் சீட்டு எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கடையில் பில் போட்ட பிறகு சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.